மாத்தளைப் புள்ளைக்குத் தைத்த சட்டைகள்

போன மாதம் மல்லிகா என்னைப் பார்க்க வந்தாள். நான் முன்பு செய்த நகரசபை மருத்துவிச்சி வேலையை இப்போது செய்கிறவள் அவள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நான் பதறிப்போனேன்.

"ஒண்ணுமில்லிங்க மிஸ்ஸி. ரேடியோ நாடகத்துல அந்தத் தங்கச்சி செத்துப்போச்சு. வாரா வாரம் கேட்டுக்கிட்டு வந்தேன். மனசு தாங்கல" என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் ஏசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். என்னைப் பற்றி இளம் பிள்ளைகளிடம் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. கையில் மோதிரத்தோடு ஒருத்தி பிரசவம் பார்க்கப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பியவள் நான். ஆனால் மல்லிகாவை ஏச எனக்கு வாய் வரவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "ஏங்க மிஸ்ஸி, ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?" என்று அவளே கேட்டாள். தங்கள் மருத்துவிச்சிகள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படியும் அன்று கேட்டிருந்தாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். என் காலத்துக் கண்டியில் பலருக்குத் தெரிந்த கதைதான் இது. "கதைக்கார மிஸ்ஸி" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. எனக்குத்தான் அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டுக்கலையில் கடைக் கணக்கெழுதிய அப்பா, தாயில்லாத என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே கழுவினேன், அவித்தேன், ஏச்சு வாங்கினேன், பாஸாகி வந்தேன். முதலில் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்தேன். பிறகு கண்டி நகரத்துக்கே வந்துவிட்டேன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. மருத்துவிச்சி என்றால் வயதான ஒரு கிழவிதான் என்று எல்லா வீடுகளும் நினைத்திருந்த காலத்தில், நான் வெள்ளைச் சேலையும் கறுப்புப் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆஸ்பத்திரித் தாதியைக் கூப்பிடுவது போலவே என்னையும் "மிஸ்ஸி" என்று கூப்பிட்டார்கள்.

எங்களுக்கு மேலே ஒரு லேடி டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, கல்யாணம் செய்யாதவர். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மாதம் ஒரு தடவை எங்கள் பைகளைச் சோதிப்பார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பையில் இருப்பதை ஒவ்வொன்றாக நாங்களே எடுத்து வைக்க வேண்டும். நகம் தேய்க்கும் தூரிகை, கார்பாலிக் சோப், லைசோல் போத்தல், கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நூல், பிள்ளையின் கண்ணுக்கு விடும் மருந்து, தாயின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத்தைக் கேட்கும் மரக்குழல். எல்லாம் வெளியே வந்தபின் பைக்குள் இருக்கும் துணி உறையைக் கழற்றச் சொல்வார். அந்த உறையை ஒவ்வொரு பிரசவத்துக்கும் பிறகு அவித்துக் காயவைக்க வேண்டும் என்பது சட்டம். டொக்டர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார்.

"இது அவிச்ச துணியில்லை, பிள்ளை. வெயில்ல மட்டும் காஞ்சது" என்பார். அவ்வளவுதான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல இருக்கும். ஏசியிருந்தால்கூட அழுதுவிட்டு மறந்திருக்கலாம்.

அவர் எங்களுக்குச் சொன்ன இன்னொரு சட்டமும் உண்டு. "ஒரு வீட்டுக் கிருமி அடுத்த வீட்டுக்கு உங்கட பையில போகக் கூடாது. ஒரு வீட்டுக் கதை அடுத்த வீட்டுக்கு உங்கட வாயில போகக் கூடாது. ரெண்டும் ஆளைக் கொல்லும்."

முதலாவதை நான் எழுத்துப் பிசகாமல் காத்தேன். இரண்டாவதையும் காத்ததாகத்தான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கண்டியிலுள்ள கொழும்பு வீதியில் ஊதுவத்தியும் பஞ்சாங்கமும் விற்கும் ஒரு கடைக்கு, சென்னையிலிருந்து மாத நாவல்கள் வரும். ஒரே கதையைத் துண்டு துண்டாக மாதம் ஒரு புத்தகமாகப் போடுவார்கள். மெல்லிய தாள், மங்கலான எழுத்து. மாதம் பிறந்ததும் நான் அந்தக் கடை வாசலில் நிற்பேன். கடைக்காரர் என்னைக் கண்டால் "வந்துருச்சும்மா" என்றோ, "கப்பல் லேட்டும்மா" என்றோ கேட்காமலே சொல்வார். எனக்கென்று வேறு என்ன இருந்தது? அப்பா போய்விட்டார். மற்றவர்களின் பிள்ளைகளை ஏந்திக் கொடுத்துவிட்டு, வாடகை அறைக்கு வந்து தனியே சோறு வடிக்கிறவளுக்கு அந்தக் கதைகளில் வரும் மனிதர்கள்தான் சொந்தம்.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கதை வந்துகொண்டிருந்தது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. கதாநாயகி பெயர் லோகநாயகி. தாய் தகப்பன் இல்லாதவள். மாமியார் வீட்டில் படாத பாடு படுகிறாள். புருஷன் தூர தேசத்தில். அவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். மாதா மாதம் அவள் வயிறும் வளர்ந்தது, கதையும் வளர்ந்தது. அந்தப் புத்தகங்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து வைத்தேன். தைத்தது எந்த நூலால் தெரியுமா? கொடி கட்டும் நூலால். அந்தத் தொகுப்பைப் பையின் துணி உறைக்கு அடியில் அடிப்பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு திரிவேன். சோதனை நாளில் மட்டும் அறையில் விட்டுவிட்டு வருவேன். திருட்டுப் புத்தி என்றால் அதுதான்.

அந்தக் காலத்தில்தான் சுபைதா என் பொறுப்பில் வந்தாள். பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள சந்துபோல ஒடுங்கிய ஓர் ஒழுங்கையில், அவளுடைய தாய் ஆமினா உம்மாவின் வீடு. சுபைதாவின் கணவர் ஹமீது முதலாளிக்குப் பலசரக்குக் கடை. நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. கதைப் புத்தகம் பெண்களைக் கெடுக்கும் என்று நம்பியவர். அந்த வீட்டுக்குள் அப்படி ஒன்று நுழையக் கூடாது.

சுபைதாவுக்கு முதல் பிள்ளை பிறந்து இறந்திருந்தது. இரண்டாவது வயிற்றில். சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இந்தப் பிள்ளையும் தங்காது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். முட்டையை அவித்து முன்னால் வைத்தால் ஆறிக் கிடக்கும். நான் போகும்போதெல்லாம் ஆமினா உம்மா கையைப் பிசைவார். "நீங்களாலும் செல்லுங்க மிஸ்ஸி. ஏண்ட பேச்சு ஏறல்ல" என்று, நானாவது சொல்லிப் பார்க்கும்படி கெஞ்சுவார்.

ஒருநாள் என்னையறியாமல் வாயைத் திறந்தேன். "இந்தாங்க, மாத்தளைப் பக்கம் ஒரு புள்ள இருக்குது. உங்கள மாதிரியே மாசமா இருக்குது. தாய் தகப்பன் இல்ல. மாமியார் வேளைக்குச் சோறு போட மாட்டாங்க. அது என்ன செய்யுது தெரியுங்களா?"

சுபைதா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அதுதான் அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தது.

"என்ன செய்யுது?"

"வயித்துல இருக்கிறதுக்காகப் பழைய சோத்தத் திருடித் திங்குது."

அன்று அவள் அந்த முட்டையைச் சாப்பிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எந்த மருந்தும் செய்யாததை என் கதை செய்துவிட்டது என்று ஒழுங்கை முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. நான் போகும் நாளில் அடுத்த வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இஞ்சித் தேநீர் வரும், சில நாள் வட்டிலப்பமும் வரும். பேர் கேட்டார்கள். "வீட்டு விஷயம், பேர் சொல்லக் கூடாதுங்க" என்றேன். டொக்டரின் சட்டத்தையே என் பொய்க்குத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டேன். அவர்களே அவளுக்கு "மாத்தளைப் புள்ள" என்று பேர் வைத்தார்கள். தங்கள் ஆட்களில் ஒருத்தி என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. இல்லாத வீட்டுக் கதையை இருக்கிற வீட்டில் சொல்வதில் என்ன பாவம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

அந்த வீடுகளில் பிள்ளை பிறக்குமுன் அதற்கு உடுப்புத் தைக்க மாட்டார்கள். அதுவும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஊசியைத் தொடவே விடமாட்டார்கள். ஆனால் அடுத்தவள் பிள்ளைக்குத் தைக்கத் தடையில்லை. சுபைதா மாத்தளைப் புள்ளையின் பிள்ளைக்கு என்று தைக்கத் தொடங்கினாள். வெள்ளை மல் துணியில் சின்னச் சின்னச் சட்டைகள், கழுத்தில் ஊதா நூல் வேலை. தன் பிள்ளைக்குத் தைக்க முடியாத ஆசையை எல்லாம் அதில் போட்டாள். முடித்து, ஒரு துணியில் மடித்து, அந்தப் பிள்ளைக்கு உடுப்பாவது இருக்கட்டும் என்று என் கையில் தந்தாள்.

"யாருமில்லாத புள்ளைட புள்ள. உடுப்பாலும் ஈக்கட்டுமே மிஸ்ஸி. நான் தந்தேண்டு செல்லுங்க."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தோன்றவில்லை. அறைக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தேன்.

அடுத்த மாதம் கடைசிப் புத்தகம் வந்தது. பேராதனை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அதைப் பிரித்தேன். மாமியார், லோகநாயகியைத் துணைக்கு ஒருவரும் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறாள். பிள்ளை பிறக்கிறது. காய்ச்சல் காண்கிறது. "என் பிள்ளையை ஒருமுறை காட்டுங்கள்" என்று கேட்கிறாள். தாதி பிள்ளையை எடுத்துவரப் போகிறாள். அதற்குள் லோகநாயகியின் கண் மூடிவிடுகிறது. நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். ரயிலையும் விட்டுவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, "யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன்.

பன்விலத் தோட்டத்தில் ஒரு தாய் என் கண் முன்னால் ரத்தம் போய் இறந்திருக்கிறாள். நான் செய்யவேண்டியதை எல்லாம் செய்தேன். கை கழுவினேன். அன்று பின்னேரம் சோறு சாப்பிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் உண்மை பாதிதான் இருக்கும்.

மறுநாள் சுபைதா வீட்டு முறை. வீங்கிய கண்ணோடு போனேன். வாசலிலேயே ஆமினா உம்மா பிடித்துக்கொண்டார். "என்ன மவள் இது மொகம்? மாத்தளைப் புள்ளைக்கு எப்பிடி?"

ஒரு வார்த்தையில் தப்பியிருக்கலாம். தாயும் பிள்ளையும் சுகம் என்றால் முடிந்தது. இல்லாத ஒருத்தியை இருக்கிறாள் என்று மாதக்கணக்கில் சாதித்தவளுக்கு இது ஒரு பொய்யா? ஆனால் வரவில்லை. செத்தவளை உயிரோடு இருப்பதாகச் சொல்வது லோகநாயகிக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குத் தோன்றியது. பைத்தியம் எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று பாருங்கள்.

"போயிட்டாங்க உம்மா. பெரியாஸ்பத்திரியில. பக்கத்துல ஒருத்தரும் இல்லாம."

மரணச் செய்தி கேட்டால் சொல்லும் "இன்னா லில்லாஹி"யைச் சொல்லி அவர் அப்படியே உட்கார்ந்தார். சுபைதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமியார் வண்டி பிடித்ததிலிருந்து தாதி பிள்ளையை எடுத்துவரப் போனது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிச் சொல்லி நானும் அழுதேன். அந்த அழுகை மட்டும் பொய்யில்லை. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

யாருமில்லாதவள் என்பதால் இறந்தவர்களுக்காக ஓதும் ஏழாம் நாள் கத்தத்தை அவர்களே அவளுக்கு ஓதினார்கள். ஒழுங்கைப் பெண்கள் கூடிக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். இறைச்சியும் நெய்ச்சோறும் ஆக்கினார்கள். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறேழு பேராக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். இறந்தவளுக்கு வேண்டியவள் என்று என்னை ஆமினா உம்மா தன் பக்கத்தில் உட்கார வைத்து, நல்ல துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் சாப்பிட்டேன். ருசியாகக்கூட இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் மாத்தளைப் புள்ளையின் பேச்சை எடுப்பதில்லை. எல்லாம் ஓய்ந்தது என்று நினைத்தேன்.

சுபைதாவுக்கு நோவு கண்டது ஒரு காலை நேரம். நான் போனபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தண்ணீர் கொதித்தது, பழைய சேலைகள் அவித்து மடித்திருந்தன. மத்தியானம் தாண்டியது. பன்னீர்க்குடம் உடைந்தும் தலை இறங்கவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். இடுப்பெலும்புக்கு மேலேயே நின்றது. தாயின் நாடி வேகமாக ஓடியது. மரக்குழலை வைத்துக் கேட்டேன். பிள்ளையின் துடிப்பு, நோவு விட்ட பிறகும் மெதுவாகவே இருந்தது. இந்த இடத்தில் மருத்துவிச்சி யோசிக்கக் கூடாது. ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு டொக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அதுதான் சட்டம்.

"உம்மா, ரிக்ஷா கூப்பிடச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

சுபைதா என் கையைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"எனக்கேலா. மாத்தளைப் புள்ள அங்கதானே மவுத்தாகின. நான் போக மாட்டேன். மவுத்தாகினா ஏண்ட உம்மாட மடியில மவுத்தாகுறேன்" என்றாள். சாவதென்றால் தாயின் மடியில்தானாம்.

ஆமினா உம்மாவும் மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வாணாம் மிஸ்ஸி. நீங்கதானே அழுது அழுது சென்ன, அங்க பாக்க ஒருத்தருமில்லண்டு. இங்கயே பாருங்க. அல்லா ஈக்கிறான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை. அதன் வாயைக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

"உம்மா, அப்படி ஒரு புள்ளயே இல்ல. அது ஒரு கதை. புஸ்தகத்துல வந்த கதைங்க. நான்தான் நெசம் மாதிரி சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சிக்கோங்க. அந்தப் புள்ள சாகல. அது பொறக்கவே இல்ல."

ஆமினா உம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. "புள்ளய ஆஸ்பத்திரிக்கி எடுக்கியத்துக்கு இப்பிடியெல்லம் செல்லாதீங்க மவள். மவுத்தானவங்கட விஷயம்."

"சத்தியமா உம்மா."

"கதைக்கி யாராலும் அப்பிடி அழுவாங்களா?" என்று கேட்டாள் சுபைதா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பையைக் கொட்டினேன். துணி உறையை உரித்து அடியில் இருந்த தொகுப்பை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினேன். ஆமினா உம்மா கையை உயர்த்தித் தடுத்தார். அவர் அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் வாசிப்பார். இந்த எழுத்து அவருக்குத் தெரியாது. சுபைதாவுக்கும் தெரியாது. "நீங்க வாசிச்சா ஒங்களுக்கு வேண்டியதத்தானே வாசிப்பீங்க" என்றார். நியாயம்தான். அந்த வீட்டில் என் வாய்க்கு அப்போது அவ்வளவுதான் மதிப்பு.

முன்கூடத்தில் ஹமீது முதலாளி உலாவிக்கொண்டிருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று புத்தகத்தை அவர் கையில் நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தையும் கொஞ்ச நேரம் தொடவில்லை.

"எங்கட ஊட்டுக்கு இது எத்தின மாசமா வந்து போகுது?"

"ஆரம்பத்துல இருந்துங்க முதலாளி."

அவர் வாங்கிக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, சரக்குப் பட்டியல் வாசிக்கும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்கத் தொடங்கினார். மாமியார் வண்டி பிடிக்கிறாள். லோகநாயகி திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பழைய சோற்றைத் திருடித் தின்ற அந்தப் பானை அடுக்களை மூலையில் கிடக்கிறது. இதெல்லாம் நான் அந்த அறையில் சொல்லாமல் விட்டதில்லை. ஆமினா உம்மாவின் கை மகளின் தலையில் அப்படியே நின்றுவிட்டது. முதலாளியின் குரல் போகப் போக மெதுவானது.

"அவள் உதடு அசைந்தது" என்று வாசித்து நிறுத்தினார்.

"என் பிள்ளையை ஒருமுறை காட்டுங்கள்" என்றாள் சுபைதா, திரைக்கு இந்தப் பக்கமிருந்து. நான் சொல்லிக் கொடுத்திருந்த வார்த்தைகள், ஒன்றும் மாறாமல்.

அந்தப் பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு முதலாளி தொண்டையைச் செருமினார். "அதான் எழுதியீக்கி" என்றார். குரல் உடைந்திருந்தது. கதைப் புத்தகம் ஆகாது என்றவர், இல்லாத ஒருத்திக்காகத் திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினார்.

"அப்ப நாங்க யாருக்கு ஓதின?" என்று ஆமினா உம்மா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அடுத்த நோவு வந்து போனதும் சுபைதா கண்ணைத் திறந்தாள். "ரிக்ஷா கூப்பிடுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில், நான் முன்னால் அனுப்பிய ஆள் சொல்லி, லேடி டொக்டர் ஏற்கெனவே வந்து கை கழுவிக்கொண்டு நின்றார். மயக்க மருந்து கொடுத்து, இடுக்கி போலுள்ள ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார். ஆண் பிள்ளை. நீலமாகக் கிடந்தவன், நான் காலைப் பிடித்துத் தட்டியபின் ஒரு தரம் விக்கி, பிறகு அழுதான். நெற்றிப் பொட்டருகே ஆயுதம் பட்ட காயம்.

எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றும்போதுதான் டொக்டர் கேட்டார். "நாடி ஓடுறதெண்டு உனக்கு மத்தியானமே தெரிஞ்சிருக்கு. ஏன் பிள்ளை இவ்வளவு சுணக்கம்?"

மறைக்கவில்லை. முட்டையில் தொடங்கி யாசீன் வரைக்கும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முதலாளி திருப்பித் தந்திருந்த புத்தகத்தைக் காட்டச் சொன்னார். புரட்டவில்லை. தைத்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது கொடி கட்டுற நூலெல்லோ?"

"ஆமாங்க டொக்டர்."

"இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா ரெண்டு பேரையும் இழந்திருப்பம். உனக்கு விளங்குதுதானே?"

"விளங்குதுங்க."

"ஓம். போய்க் கையைக் கழுவு" என்றார்.

புத்தகத்தை அவர் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு என் பையை மாத்திரம் எல்லா மருத்துவிச்சிகளுக்கும் முன்னால் அடிப்பலகைவரை உரித்துப் பார்த்தார். அது எனக்கு வேண்டியதுதான். சில வாரங்கள் கழித்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். நூலை அறுத்துச் சாதாரணத் தையல் நூலால் தைத்திருந்தார். "முடிவு பிழை" என்றார். "அவளைக் கொன்றது விதியில்லை. அந்த ஆஸ்பத்திரியில ஒருத்தியும் கை கழுவேல்ல." அவரும் முழுவதும் வாசித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் கண் சிவந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சுபைதாவின் பிரசவத்து நாற்பது நாள் கழிந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் கால் பின்வாங்கியது. ஆனால் அலுமாரியில் அந்தச் சட்டைகள் இருந்தன. அவள் ஆசையாகத் தைத்தவை. அவள் பிள்ளை பிறந்தபோது சுற்ற ஒரு துணிகூட வீட்டில் தயாராக இல்லாமல் ஆஸ்பத்திரித் துணியில் கிடந்தான். திருப்பிக் கொடுத்துவிட்டால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்ற சுயநலமும் இருந்தது.

ஆமினா உம்மா நான் உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். தேநீர் வந்தது. ஒழுங்கைப் பெண்கள் யாரும் வரவில்லை. சுபைதா முகம் தெளிந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தத் துணி முடிச்சை அவள் முன்னால் வைத்தேன்.

"இது உங்களோடது. புள்ளைக்குப் போடுங்க. நான் செஞ்சது பெரிய தப்பு."

அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். கழுத்து வேலையைத் தடவினாள். வேறொன்று கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கி என்ன நடந்த மிஸ்ஸி?"

"எந்தப் புள்ளைங்க?"

"மாத்தளைப் புள்ளைட புள்ள. தாய் கேட்டாவே, காட்டுங்கண்டு. அந்த மிஸ்ஸி எடுத்துட்டு வரப் போனாவே. கொண்டு வந்தாவா?"

அந்தக் கடைசிப் பக்கத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன். லோகநாயகியின் கண் மூடுகிறது, புருஷன் வந்து விழுந்து அழுகிறான், கல்லறையில் பூ வைக்கிறான், முற்றும். எடுத்துவரப் போன தாதி திரும்பி வரவே இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார். குற்றம் கண்டுபிடித்த லேடி டொக்டருக்கும் அது தோன்றவில்லை. அவர்களை விடுங்கள். பிள்ளைகளை ஏந்துவதையே தொழிலாகக் கொண்ட நான், அந்தத் தாய்க்காகப் பேராதனை ஸ்டேஷனே திரும்பிப் பார்க்க அழுத நான், அந்தப் பிள்ளை எங்கே என்று ஒரு தடவை நினைக்கவில்லை. கத்தம் ஓதிய வீட்டில் இஞ்சித் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்கு முன் எந்தச் சபையிலும் வராத வெட்கம் எனக்கு வந்தது.

"அது எழுதலிங்க" என்றேன்.

சுபைதா தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையைப் பழையபடி மடித்தாள். முடிச்சுப் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப வெச்சிக்கோங்க. இவனுக்கு வேற தெச்சிக்கலாம். இது அதுக்குத் தெச்ச."

"அது கதைங்க, சுபைதா."

"தெரியும்" என்றாள்.

அவளுடைய மகன் இப்போது தகப்பனின் கடையில் உட்கார்ந்திருக்கிறான். நெற்றிப் பொட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. உப்பு வாங்கப் போனால் "மிஸ்ஸிக்குக் கதிர போடுங்க" என்பான். நான் உட்காருவதில்லை. நாவல் வாசிப்பதை மட்டும் விட முடியவில்லை. ஆனால் வாசித்ததை வெளியே சொல்வதை அன்றோடு விட்டேன்.

மல்லிகா, நீ அழுததற்கு நான் ஏசப்போவதில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போ. அன்று நீ அலுமாரியைத் திறந்தபோது, பிள்ளை பெறாத எனக்கு எதற்கு இந்தச் சட்டைகள் என்று கேட்டாயே. கழுத்தில் ஊதா நூல் வேலை செய்தவை. வருஷம் ஒருமுறை துவைத்து, வெயிலில் போட்டு, மடித்து வைக்கிறேன். எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியிருக்கும், கொடுக்கவில்லை. வேறு ஒருத்தியின் பிள்ளைக்கு என்று என்னிடம் தந்தவை. அந்தப் பிள்ளையை எடுத்துவரப் போனவள் இன்னும் வரவில்லை.